பாக்ஸ் ஸ்கோரை அடிவரியிலிருந்து படிப்பது எப்படி: 2016 என்பிஏ இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் வெளிவரும் புள்ளிவிவரத் தாளைப் பாக்ஸ் ஸ்கோர் என்கிறோம். அதைக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர் யார் அதிகப் புள்ளி எடுத்தார் என்று பார்த்ததும் தாளை வைத்துவிடுகிறார்கள். அந்த ஒரு பத்தியை (மேலிருந்து கீழாகச் செல்லும் எண் வரிசையை) மட்டும் பார்த்தால் ஆட்டம் ஏன் அப்படி முடிந்தது என்பது கடைசிவரை தெரியாது. தாளின் அடியில் இருக்கும் அணி மொத்தத்தை முதலில் படித்து, வெற்றி வித்தியாசம் எந்தப் பத்தியில் உருவானது என்று கண்டுபிடித்து, அதன் பிறகே வீரர்களின் வரிகளுக்கு வர வேண்டும் என்பதே இந்த வழிகாட்டி வலியுறுத்தும் முறை.

இதை விளக்க ஓர் உண்மையான ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2016 ஜூன் 19 அன்று ஓக்லாந்தின் ஆரக்கிள் அரங்கில் நடந்த என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தில், கிளீவ்லாந்து கேவலியர்ஸ் 93-89 என்ற கணக்கில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை வென்றது. வழக்கமான சீசனில் 73 ஆட்டங்களை வென்று 9 ஆட்டங்களில் மட்டுமே தோற்றிருந்த வாரியர்ஸ், இறுதித் தொடரிலும் 3-1 என்ற ஆட்டக் கணக்கில் முன்னணியில் இருந்துவிட்டுக் கோப்பையை இழந்தது. இறுதித் தொடரில் அந்த நிலையிலிருந்து மீண்டு பட்டம் வென்ற முதல் அணி கேவலியர்ஸ்தான். நான்கே புள்ளிகளில் தீர்மானமான ஆட்டம் என்பதால், பாக்ஸ் ஸ்கோர் படிக்கப் பழகுபவருக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் கிடைப்பது அரிது.

முதல் படி: குவார்ட்டர் வரிசை

தாளின் தலைப்பகுதியில் ஒவ்வொரு குவார்ட்டரிலும் (ஆட்டத்தின் கால் பகுதியிலும்) எடுத்த புள்ளிகள் இருக்கும். இந்த ஆட்டத்தில் கிளீவ்லாந்துக்கு 23, 19, 33, 18. வாரியர்ஸுக்கு 22, 27, 27, 13. இரண்டாம் குவார்ட்டரின் முடிவில் வாரியர்ஸ் 49-42 என முன்னால் இருந்ததையும், மூன்றாம் குவார்ட்டரில் அந்த இடைவெளி ஒரே ஒரு புள்ளியாகச் சுருங்கி 76-75 ஆனதையும் கூட்டிப் பார்த்தே அறியலாம். இங்கே குறித்துக்கொள்ள வேண்டியது கடைசி எண்ணைத்தான். அந்தச் சீசனில் ஆட்டத்துக்குச் சராசரியாக 114.9 புள்ளிகள் எடுத்த அணி, பட்டத்தைத் தீர்மானிக்கும் 12 நிமிடங்களில் 13 புள்ளிகள் மட்டுமே எடுத்தது. ஏன் என்ற கேள்வியோடு அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாம் படி: எது எப்படி எண்ணப்படுகிறது

தாளில் உள்ள எண்களை நம்புவதற்கு முன் அவை எண்ணப்படும் விதிகளை அறிந்திருக்க வேண்டும். ஃபீல்டு கோல் பத்தியில் '33-82' என்றிருந்தால், 82 முறை கூடையை நோக்கி எறிந்ததில் 33 முறை பந்து விழுந்தது என்று பொருள். இதில் இரண்டு புள்ளி எறிதல்களும் மூன்று புள்ளி எறிதல்களும் சேர்ந்தே இருக்கும். மூன்று புள்ளிப் பத்தி அதற்குள் அடங்கிய ஒரு பகுதியே தவிர, தனிக் கணக்கு அன்று. புதிதாகப் படிப்பவர்கள் இரண்டையும் கூட்டிவிடுவது அடிக்கடி நடக்கிறது. எதிரணியின் ஃபவுலுக்காக (விதிமீறலுக்காக) தடுப்பின்றி எறியக் கிடைக்கும் ஒரு புள்ளி எறிதலான ஃப்ரீ த்ரோ மட்டும் முற்றிலும் தனிப் பத்தி.

ஆகவே புள்ளிகளைச் சரிபார்க்கும் சூத்திரம் எளிது: விழுந்த ஃபீல்டு கோல்களை இரண்டால் பெருக்கி, விழுந்த மூன்று புள்ளி எறிதல்களையும் ஃப்ரீ த்ரோக்களையும் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். கிளீவ்லாந்துக்கு 33 ஃபீல்டு கோல், 6 மூன்று புள்ளி, 21 ஃப்ரீ த்ரோ: 66, 6, 21 மூன்றும் சேர்ந்து 93. வாரியர்ஸுக்கு 32, 15, 10: 64, 15, 10 சேர்ந்து 89. நிமிடங்களுக்கும் இதுபோல ஒரு சோதனை உண்டு. என்பிஏவில் குவார்ட்டருக்கு 12 நிமிடம். ஐந்து பேர் களத்தில் இருப்பதால், கூடுதல் நேரம் இல்லாத ஆட்டத்தில் ஓர் அணியின் நிமிடங்கள் 240 ஆக வேண்டும். பன்னாட்டு விதிப்படி ஆடப்படும் 10 நிமிடக் குவார்ட்டர்களில் அது 200.

மற்ற விதிகளில் மூன்றை மறக்கக் கூடாது. எறியும்போது ஃபவுல் செய்யப்பட்டு பந்து விழாமல் போனால் அது எறிதலாகவே கணக்கில் வராது, விழுந்தால் வரும். பிளாக் செய்யப்பட்ட (தடுப்பவர் தட்டிவிட்ட) எறிதல், எறிந்தவரின் கணக்கில் தவறிய எறிதலாகப் பதிவாகும். ஒவ்வொரு ஸ்டீலுக்கும் (பந்தைப் பறித்தல்) எதிரணியில் ஒரு டர்னோவர் (பந்தை இழத்தல்) உண்டு, ஆனால் ஒவ்வொரு டர்னோவருக்கும் ஒரு ஸ்டீல் இருக்காது. கோட்டுக்கு வெளியே போன பந்தும் டர்னோவர்தான். அசிஸ்ட் மட்டும் கணக்கெழுதும் ஸ்கோரரின் தீர்ப்பைப் பொறுத்தது. எந்த பாஸ் நேரடியாகக் கூடைக்கு வழிவகுத்தது என்று அவர் முடிவு செய்கிறார் என்பதால், அந்தப் பத்தியைச் சற்று நெகிழ்வோடு படிப்பதே முறை.

மூன்றாம் படி: வித்தியாசம் எங்கே உருவானது

இதுதான் முழுத் தாளின் மையம் என்பதால் இங்கே நிதானமாக இருக்க வேண்டும். இரு அணிகளின் அடிவரியையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள். கிளீவ்லாந்து: ஃபீல்டு கோல் 33-82, மூன்று புள்ளி 6-25, ஃப்ரீ த்ரோ 21-25. வாரியர்ஸ்: ஃபீல்டு கோல் 32-83, மூன்று புள்ளி 15-41, ஃப்ரீ த்ரோ 10-13.

முதல் பார்வையில் கிளீவ்லாந்து நன்றாக எறிந்ததுபோலத் தோன்றும், ஏனெனில் அவர்களுடைய ஃபீல்டு கோல் விகிதம் 40.2 சதவீதம், வாரியர்ஸுடையது 38.6 சதவீதம். ஆனால் இந்த விகிதம் இரண்டு புள்ளிக் கூடையையும் மூன்று புள்ளிக் கூடையையும் ஒரே எடையில் வைக்கிறது. அதைச் சரிசெய்யப் பயன்படுவது எஃபெக்டிவ் ஃபீல்டு கோல் விகிதம்: விழுந்த ஃபீல்டு கோல்களோடு, விழுந்த மூன்று புள்ளி எறிதல்களில் பாதியைக் கூட்டி, மொத்த எறிதல்களால் வகுக்க வேண்டும். கிளீவ்லாந்துக்கு 36-ஐ 82-ஆல் வகுத்தால் 43.9 சதவீதம்; வாரியர்ஸுக்கு 39.5-ஐ 83-ஆல் வகுத்தால் 47.6 சதவீதம். அதாவது களத்திலிருந்து எறிந்ததில் தோற்ற அணியே மேம்பட்டு நின்றது. புள்ளிகளாகச் சொன்னால் ஃபீல்டு கோல்களால் மட்டும் வாரியர்ஸ் 79, கிளீவ்லாந்து 72.

ஏழு புள்ளி பின்தங்கிய அணி நான்கு புள்ளி வித்தியாசத்தில் எப்படி வென்றது? ஃப்ரீ த்ரோவில் 21-க்கு 10. அந்தப் பதினொன்றில் ஏழைக் கழித்தால் நான்கு. பட்டத்தைத் தீர்மானித்த வித்தியாசம் முழுவதும் யாரும் உற்றுப் பார்க்காத அந்த ஒரு பத்தியில் இருந்தது.

கூடைப்பந்துப் புள்ளிவிவர ஆய்வில் முன்னோடியான டீன் ஆலிவர், ஆட்டத்தின் வெற்றியை எறிதல் திறன், டர்னோவர், ரீபவுண்ட் (தவறிய எறிதலின் பந்தைக் கைப்பற்றுதல்), ஃப்ரீ த்ரோ என நான்கு காரணிகளாகப் பிரித்து, அவற்றுக்கு முறையே 40, 25, 20, 15 சதவீத எடை கொடுத்தார். ஃப்ரீ த்ரோ காரணியை அளக்க, விழுந்த ஃப்ரீ த்ரோக்களை ஃபீல்டு கோல் முயற்சிகளால் வகுப்பது வழக்கம். இங்கே அது கிளீவ்லாந்துக்கு 0.256, வாரியர்ஸுக்கு 0.120, இரு மடங்குக்கும் மேல். பொதுவாக மிகக் குறைந்த எடை கொண்ட காரணி இந்த ஆட்டத்தில் முடிவைத் திருப்பியது என்பதை நினைவில் கொள்ளுங்கள். எடைகள் சராசரியைச் சொல்பவை. குறிப்பிட்ட ஓர் ஆட்டத்தில் எது தீர்மானித்தது என்பதை ஒவ்வொரு முறையும் தாளில்தான் தேட வேண்டும்.

நான்காம் படி: எத்தனை வாய்ப்புகள் கிடைத்தன

எறிதலையும் ஃப்ரீ த்ரோவையும் ஒரே அளவுகோலில் கொண்டுவர ட்ரூ ஷூட்டிங் என்ற கணக்கு உண்டு. ஃப்ரீ த்ரோ முயற்சிகளை 0.44-ஆல் பெருக்கி ஃபீல்டு கோல் முயற்சிகளோடு கூட்டினால், ஓர் அணிக்குக் கிடைத்த எறியும் வாய்ப்புகளின் எண்ணிக்கை தோராயமாகக் கிடைக்கும். கூடை விழுந்த பிறகு கிடைக்கும் ஒற்றை ஃப்ரீ த்ரோ, டெக்னிக்கல் ஃபவுலுக்கான ஃப்ரீ த்ரோ போன்றவை தனி வாய்ப்பைச் செலவழிப்பதில்லை என்பதால்தான் 0.5-க்குப் பதிலாக 0.44.

கிளீவ்லாந்துக்கு 82-உடன் 11 சேர்ந்து 93 வாய்ப்புகள். எடுத்ததும் 93 புள்ளிகள். வாரியர்ஸுக்கு 83-உடன் 5.72 சேர்ந்து 88.72, எடுத்தது 89. இரண்டு அணிகளும் ஒரு வாய்ப்புக்கு ஏறத்தாழ ஒரு புள்ளி என்ற ஒரே திறனோடு ஆடியிருக்கின்றன. ஆகவே முன்படியில் கண்ட ஃப்ரீ த்ரோ வித்தியாசத்துக்கு இன்னொரு முகமும் உண்டு: கிளீவ்லாந்து திறமையாக எறிந்து வெல்லவில்லை, நான்கு வாய்ப்புகளை அதிகமாகப் பெற்று வென்றது.

கூடுதல் வாய்ப்பு எங்கிருந்து வரும்? பெரும்பாலும் இரண்டே வழிகள்தான். பந்தை இழக்காமல் இருப்பது ஒன்று. தவறிய எறிதலை மீண்டும் கைப்பற்றுவது மற்றொன்று. எனவே இந்த இடத்தில் டர்னோவர், அஃபென்சிவ் ரீபவுண்ட் ஆகிய இரு பத்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் வேகத்தை மதிப்பிடவும் இவையே தேவை: ஃபீல்டு கோல் முயற்சியோடு 0.44 மடங்கு ஃப்ரீ த்ரோ முயற்சியைக் கூட்டி, அஃபென்சிவ் ரீபவுண்டைக் கழித்து, டர்னோவரைக் கூட்டினால் பொசெஷன் எண்ணிக்கை, அதாவது பந்து அந்த அணியின் வசம் வந்த தடவைகள், கிடைக்கும். புள்ளிகளை அதனால் வகுத்து நூறால் பெருக்கினால் அணியின் தாக்குதல் மதிப்பு வந்துவிடும். வேகமாக ஆடும் அணியையும் நிதானமாக ஆடும் அணியையும் நியாயமாக ஒப்பிட அதுவே வழி.

மொத்த ரீபவுண்டைப் படிப்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. எதிரணி அதிகமாகத் தவறவிட்டால், எந்தத் திறமையும் இல்லாமலே ஓர் அணியின் ரீபவுண்டு ஏறும். அதனால் தவறிய எறிதல்களை முதலில் எண்ண வேண்டும். இந்த ஆட்டத்தில் கிளீவ்லாந்து 49 ஃபீல்டு கோல்களையும் வாரியர்ஸ் 51-ஐயும் தவறவிட்டன, கிட்டத்தட்டச் சமம். அப்படியிருந்தும் ரீபவுண்ட் 48-39 என்று கிளீவ்லாந்துக்குச் சாதகமாக இருந்ததால், அந்த ஒன்பது வெறும் எண்ணிக்கை மயக்கம் அன்று, கூடைக்கு அடியில் உண்மையாகவே பெற்ற மேலாண்மை என்று சொல்லலாம்.

ஐந்தாம் படி: வீரர் வரிகள்

இப்போதுதான் பெயர்களுக்கு வருகிறோம். கிரிக்கெட்டில் ஒருவர் 40 ரன் எடுத்தார் என்றதும் எத்தனை பந்தில் என்று கேட்கிறோமே, அந்தக் கேள்வியைக் கூடைப்பந்திலும் ஒவ்வொரு வீரரிடமும் கேட்க வேண்டும். புள்ளிப் பத்திக்கு முன் முயற்சிப் பத்தியைப் பாருங்கள்.

இந்தத் தாளிலேயே மிகச் சிறந்த எறிதல் வரி தோற்ற அணியின் டிரேமண்ட் கிரீனுடையது: ஃபீல்டு கோல் 11-15, மூன்று புள்ளி 6-8, ஃப்ரீ த்ரோ 4-4, மொத்தம் 32 புள்ளிகள், 15 ரீபவுண்ட், 9 அசிஸ்ட். அவருடைய ட்ரூ ஷூட்டிங் விகிதத்தைக் கணக்கிட, புள்ளிகளை வாய்ப்புகளின் இரு மடங்கால் வகுக்க வேண்டும்: 32-ஐ 33.52-ஆல் வகுத்தால் 95.5 சதவீதம். இவ்வளவு உயர்ந்த எண்ணை இவ்வளவு பெரிய ஆட்டத்தில் பார்ப்பது மிக மிக அபூர்வம். அவருடைய அன்றைய ஆட்டத்துக்கு உரிய மரியாதை இன்றும் கிடைக்கவில்லை என்றே கருதுகிறேன்.

இந்த இடத்தில் மிகவும் பயனுள்ள ஓர் உத்தியைச் செய்து பார்க்கலாம்: அணி மொத்தத்திலிருந்து ஒரு வீரரைக் கழித்துவிட்டு மீதியைப் படிப்பது. கிரீனை எடுத்துவிட்டால் வாரியர்ஸின் மற்ற அனைவரும் சேர்ந்து 68 எறிதல்களில் 21-ஐ மட்டுமே விழச் செய்தனர், அதாவது 30.9 சதவீதம். மூன்று புள்ளியில் 33-க்கு 9. முன்படியில் வாரியர்ஸ் நன்றாக எறிந்தது என்று கண்டோம். அந்த நன்மை பெரும்பாலும் ஒரே மனிதருடைய கையிலிருந்து வந்தது என்பது இந்தக் கழித்தலுக்குப் பிறகே தெரிகிறது. அந்தச் சீசனில் 402 மூன்று புள்ளி எறிதல்களை 45.4 சதவீதத்தில் விழச் செய்து, ஒருமனதாகச் சிறந்த வீரர் விருதைப் பெற்ற ஸ்டெஃபன் கரி இங்கே 6-19, மூன்று புள்ளியில் 4-14. கிளே தாம்சன் 6-17, மூன்று புள்ளியில் 2-10. இருவரும் சேர்ந்து 36 முறை எறிந்து 31 புள்ளிகள் எடுத்தனர். கரி எடுத்த ஃப்ரீ த்ரோ ஒன்றே ஒன்று, தாம்சனுக்கு அதுவும் இல்லை. கூடையை நோக்கி ஊடுருவாமல் வெளியிலிருந்தே எறிந்ததன் அடையாளத்தை மூன்றாம் படியில் கண்ட ஃப்ரீ த்ரோப் பத்தியோடு இணைத்துப் பார்த்தால் படம் தெளிவாகும்.

கிளீவ்லாந்து பக்கம் லெப்ரான் ஜேம்ஸின் வரி: 47 நிமிடம், ஃபீல்டு கோல் 9-24, மூன்று புள்ளி 1-5, ஃப்ரீ த்ரோ 8-10, 27 புள்ளி, 11 ரீபவுண்ட், 11 அசிஸ்ட், 3 பிளாக், 2 ஸ்டீல், 5 டர்னோவர். இறுதித் தொடரின் ஏழாம் ஆட்டத்தில் ட்ரிப்பிள் டபுள் (மூன்று பத்திகளில் இரட்டை இலக்கம்) எடுத்தவர்கள் அதற்கு முன் 1969-இல் ஜெர்ரி வெஸ்டும் 1988-இல் ஜேம்ஸ் வொர்தியும் மட்டுமே. ஆனால் எறிதலை மட்டும் அளந்தால் ஜேம்ஸின் ட்ரூ ஷூட்டிங் 47.5 சதவீதம், அணியின் 50 சதவீதத்துக்கும் கீழே. அதனால் அவர் மோசமாக ஆடினார் என்று எழுதுபவர்கள் அந்த வரியின் மறுபாதியைப் படிக்காதவர்கள். அவர் விழச் செய்த 8 ஃப்ரீ த்ரோக்கள், வாரியர்ஸ் அணி முழுவதும் எடுத்த 10-க்கு இரண்டே குறைவு. 11 அசிஸ்டுகள் குறைந்தது 22 புள்ளிகளுக்கு வழிசெய்தன. எறிதலில் இழந்ததை மற்ற நான்கு பத்திகளில் ஈடுசெய்த வரி அது. கைரி இர்விங் அதற்கு நேர்மாறு: 10-23 என எறிந்து 26 புள்ளிகள், அசிஸ்ட் ஒன்றே ஒன்று. இருவரும் சேர்ந்து அணியின் 82 எறிதல்களில் 47-ஐ எடுத்துக்கொண்டனர்.

பழைய ஆட்டங்களின் தாள்களோடு ஒப்பிடும்போது எந்தப் பத்தி எப்போது பிறந்தது என்பதை மறக்கக் கூடாது. என்பிஏ ஸ்டீலையும் பிளாக்கையும் 1973-74 முதல்தான் பதிவு செய்கிறது. மூன்று புள்ளிக் கோடு 1979-80-இல் வந்தது. 1969-இல் வெஸ்டின் வரியில் பிளாக் இல்லை என்றால் அவர் பிளாக் செய்யவில்லை என்று பொருளாகாது.

ஆறாம் படி: ப்ளஸ் மைனஸ்

ஒரு வீரர் களத்தில் இருந்த நேரத்தில் அவருடைய அணி எத்தனை புள்ளி முன்னேறியது அல்லது பின்தங்கியது என்பதே ப்ளஸ் மைனஸ். கெவின் லவ் 3-9 என எறிந்து 9 புள்ளிகள் மட்டுமே எடுத்தார். புள்ளிப் பத்தியை மட்டும் படிப்பவர் அவரைக் கடந்துபோய்விடுவார். ஆனால் அவர் 14 ரீபவுண்ட் எடுத்தார், அவருடைய ப்ளஸ் மைனஸ் +19. கிளீவ்லாந்து வென்றதே நான்கு புள்ளியில் என்பதால், அவர் பெஞ்சில் இருந்த நேரத்தில் அணி 15 புள்ளி பின்தங்கியது என்று கழித்து அறியலாம்.

இருந்தாலும் ஓர் ஆட்டத்தின் ப்ளஸ் மைனஸை வைத்து எவருக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது. கூட இருந்த நால்வரும் எதிரே இருந்த ஐவரும் அந்த எண்ணில் கலந்திருக்கிறார்கள். சந்தேகம் எழுப்பவும், எங்கே உற்றுப் பார்க்க வேண்டும் என்று காட்டவும் மட்டுமே அது பயன்படும். இங்கே அது லவ்வின் ரீபவுண்டை நோக்கிச் சுட்டியது. நான்காம் படியில் கண்ட 48-39-உடன் அது பொருந்துவதால் நம்பிக்கை கூடுகிறது.

ஏழாம் படி: நிகழ்வு வரிசையோடு ஒப்பிடுதல்

பாக்ஸ் ஸ்கோரில் நேரம் இல்லை. முதல் நிமிடத்துக் கூடையும் கடைசி நிமிடத்துக் கூடையும் அதில் ஒன்றே. எனவே ஒவ்வொரு நிகழ்வையும் நேரத்தோடு தரும் பிளே-பை-பிளே பட்டியலைக் கடைசியில் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆட்டம் முடிய 4 நிமிடம் 39 வினாடி இருந்தபோது கணக்கு 89-89. அதற்குப் பிறகு வாரியர்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. முதல் படியில் நாம் எழுப்பிய கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இதுதான். 1 நிமிடம் 50 வினாடி இருக்கையில் ஆண்ட்ரே இகுடாலாவின் எறிதலை ஜேம்ஸ் துரத்தி வந்து பிளாக் செய்தார். தாளில் அது மூன்று பிளாக்குகளில் ஒன்று. 53 வினாடி இருக்கையில் இர்விங் கரியின் முன்னால் நின்று விழச் செய்த மூன்று புள்ளி, அவருடைய இரண்டு மூன்று புள்ளிக் கூடைகளில் ஒன்று. அதன் பின் கரியை லவ் தனியாகத் தடுத்து நின்றார், கரியின் எறிதல் தவறியது. அது கரியின் பத்துத் தவறிய மூன்று புள்ளி எறிதல்களில் ஒன்றாகச் சேர்ந்ததே தவிர, லவ்வின் வரியில் எந்தப் பத்தியிலும் ஏறவில்லை. 10.6 வினாடி இருக்கையில் ஜேம்ஸ் இரண்டு ஃப்ரீ த்ரோக்களில் ஒன்றை விழச் செய்ததும் 93-89.

நல்ல தடுப்பாட்டத்துக்குத் தாளில் இடம் இல்லை என்பதை இந்த ஒரு நிமிடம் காட்டுகிறது. ஸ்டீலும் பிளாக்கும் தடுப்பின் சிறு பகுதிகள் மட்டுமே. ஒருவரின் தடுப்பை மதிப்பிட விரும்புபவர் ஆட்டத்தின் காட்சியையே பார்க்க வேண்டும்.

எட்டாம் படி: ஓர் ஆட்டத்திலிருந்து தொடருக்கு

கரியின் 4-14 ஓர் இரவின் எண். பதினான்கு எறிதல்களில் இரண்டு கூடுதலாக விழுந்திருந்தால் விகிதம் 28.6-லிருந்து 42.9 ஆகியிருக்கும். எனவே ஒரே தாளிலிருந்து வீரரின் திறமையைப் பற்றிய முடிவுக்கு வராமல், தொடர் முழுவதின் தாள்களையும் அடுக்கி அதே ஏழு படிகளைக் கூட்டுத்தொகையின் மீது நடத்த வேண்டும். இந்தத் தொடரில் அப்படிச் செய்தால் இரண்டு செய்திகள் கிடைக்கும். ஜேம்ஸ் ஆட்டத்துக்கு 29.7 புள்ளி, 11.3 ரீபவுண்ட், 8.9 அசிஸ்ட், 2.6 ஸ்டீல், 2.3 பிளாக் என ஐந்து பத்திகளிலும் இரு அணி வீரர்களையும் விட மேலே இருந்தார். என்பிஏ பிளேஆஃப் (வழக்கமான சீசனுக்குப் பிந்தைய வெளியேற்றச் சுற்று) தொடர் ஒன்றில் அதற்கு முன் எவரும் அதைச் செய்ததில்லை. முதல் ஆறு ஆட்டங்களில் கிளீவ்லாந்தின் 89, 77, 120, 97, 112, 115 ஆகியவற்றையும் வாரியர்ஸின் 104, 110, 90, 108, 97, 101 ஆகியவற்றையும் தனித்தனியே கூட்டிப் பாருங்கள்: இரண்டு பக்கமும் சரியாக 610 வரும்.